இரண்டாவது பிரேக்

போன மழையில் தன்னிடம் இரவல் வாங்கிப்போன குடையை அவர் மேசைமேல் வைத்தபோது மனநல ஆலோசகரான அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முகம் தெளிந்திருந்தது. சவரம் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வந்திருந்தார். ஆள் தேறிவிட்டார் என்று அவள் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். போன வருடம் அவருடைய அண்ணன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி, ஒரே வீட்டில் இருக்கும் அண்ணியும் இவரும் தங்களுக்குள்ளேயும் அதையே பேசப் பழகியிருந்தார்கள். முதல் நாள் இங்கே வந்தபோதும் அண்ணனைப் பற்றி வாயே திறக்கவில்லை. காரைப் பற்றித்தான் பேசினார். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கம் காலடியில் தனியாக இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கும், ஓட்டுபவருக்கு அது பாதி நேரம் ஞாபகத்திலேயே இருக்காது என்று. அவள் அண்ணன் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவருடைய வலது கால், பிரேக் போடுவதுபோலத் தரைவிரிப்பை அழுத்தும். அதை அவள் அன்றைக்கே பார்த்து வைத்திருந்தாள்.

இன்றைக்குக் கால் அசையவே இல்லை. தன்னிடம் படிப்பவர்களை எல்லாம் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். லீவா என்று கேட்டாள்.

"இல்ல மேடம். அவங்கள அரைகுறையா விட்டுட்டுப் போகக்கூடாதில்ல."

குடையைப் பார்த்தாள். உறை போட்டு, பொத்தான் மாட்டி, சுத்தமாகக் கணக்குத் தீர்த்த மாதிரி இருந்தது. இனி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று போன தடவை சொன்னவள் அவள்தான். நன்றாகப் பேசுகிறாரே என்று பாராட்டாகச் சொன்னது. அவர் அதை எப்படி வாங்கிக்கொண்டார் என்று யோசிக்கவில்லை.

கேட்டே ஆகவேண்டும். சுற்றி வளைக்காமல், அந்த வார்த்தையைச் சொல்லியே. கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறாள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சாகணும்னு நினைக்கிறீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி மெதுவாகத் திரும்பி, ஆமாம் என்று தலையாட்டினார். அண்ணியிடம் மட்டும் சொல்லவேண்டாம், தாங்கமாட்டார் என்றார். இங்கே பேசுவதில் உயிருக்கு ஆபத்து என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வெளியே போகாது என்று முதல் நாளே சொல்லியிருந்ததை அவள் நினைவுபடுத்தினாள். அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்யமாட்டேன், அவர் முன்னால்தான் பேசுவேன் என்றாள்.

அவர் எழுந்துவிட்டார். கை கதவுப் பிடியில். ஓடிப்போய் வழி மறிக்கச் சொன்னது அவள் உடம்பு. மறித்தால் இந்த மனிதர் இனி எந்த அறைக்கும் நம்பி வரமாட்டார். மறிக்காவிட்டால்? நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அவ்வளவு பயம் அவளுக்கு வந்ததே இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "போன தடவை நான் சொன்னது தப்பு. நாளைக்கும் வாங்க. தினமும் வேணும்னாலும் வாங்க."

கதவுப் பிடி பாதி இறங்கியபடியே நின்றது. வெளியே வரவேற்பறையில் யாரோ இருமினார்கள். பிறகு கையை எடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, போனை எடுத்து, அண்ணியின் எண்ணை அவரே அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் குடைக்குப் பக்கத்தில் வைத்தார்.

முதல் மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை.

"எங்க இருக்கீங்க தம்பி?" அண்ணியின் குரல். "காலையில நீங்க சிரிச்சிக்கிட்டே கிளம்பினதுலேருந்து போன கையிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். அவரும் அன்னைக்கு அப்படித்தான் சிரிச்சிட்டுப் போனாரு."

அது மாரடைப்பு இல்லை என்பது அந்த வீட்டாரிடையே முதல் முறையாக வாய்விட்டுச் சொல்லப்பட்டது. மேசைக்கு அடியில், அவருடைய பாலிஷ் போட்ட வலது ஷூ தரைவிரிப்பை மெல்லத் தொட்டு, பிறகு முழு பலத்தோடு அழுத்தத் தொடங்கியது.