கட்டை விரல் வைத்தால் எழும் போர்டு

பதினோரு நாளாக இதே கூத்துதான். கரண்ட் கொடுத்தால் சர்க்யூட் போர்டு பத்துக்கு நாலு தடவை உயிர் பெற்று எழும். மீதி ஆறு தடவை கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய போர்டு, மொத்தம் எட்டு. சர்க்யூட்டை வரைந்தது தங்கை, ஈயம் வைத்து ஒட்டியது அண்ணன். கம்ப்யூட்டர் கேபிளோடு இருக்கும்வரை எட்டும் சமத்துப் பிள்ளைகள். கழற்றினால் போச்சு.

ஆனால் சிப்பின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தினால் உடனே பச்சை விளக்கு எரிந்தது. அழுத்தினால் எழுகிறதென்றால் ஈயம் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? மூன்றாம் நாளே தங்கை தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"அண்ணா, உன் ஒட்டல்தான் காரணம். கண்ணு முன்ன மாதிரி இல்ல உனக்கு."

ஐம்பத்திரண்டு வயது மனுஷர் ஈயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டையும் பிரித்து ஒட்டினார். மறுபடி ஒட்டினார். புதுக் கண்ணாடி வாங்கி, அதையும் மாட்டிக்கொண்டு மூன்றாம் தடவை ஒட்டினார். அதே நாலு, அதே ஆறு. நேற்று சாயங்காலம் சால்டரிங் அயர்னைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"போதும் பாப்பா. குடோன் காவலுக்கு ஆள் கேக்கறாங்க. நாளைக்கு மத்தியானம் போய்ச் சரின்னு சொல்லிட்டு வரேன்."

பதினெட்டு வருஷம் அவளோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவர். ஆனாலும் போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அலுப்பு அப்படி.

இன்று மத்தியானம் அண்ணன் உள்ளறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அழுத்தி அழுத்தி விரல் கன்றிப்போயிருந்ததால் அவள் பேனா மூடியால் சிப்பை அழுத்தினாள். எழவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். ம்ஹூம். விரலை அழுத்தாமல் சும்மா வைத்தாள். எழுந்துவிட்டது.

அழுத்துவதால் இல்லை, தொடுவதால்தான். வரைபடத்தைத் திறந்தாள். எழும்போது புரோகிராமை ஓட்டுவதா, புதுசுக்குக் காத்திருப்பதா என்று சிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கம்பிக் கால் ஒன்று அதன் ஓரத்தில் உண்டு. அதை ஒரு ரெசிஸ்டர் போட்டு கிரவுண்டோடு கட்டியிருக்க வேண்டும். அவள் கட்டவே இல்லை. கேபிள் இருந்தால் கேபிள் பிடித்துக்கொள்ளும், விரல் இருந்தால் விரல். இரண்டும் இல்லாவிட்டால் அது வைத்ததுதான் சட்டம், எழுந்தாலும் எழும், எழாமலும் போகும்.

கோணல்மாணலாக ஒரு ரெசிஸ்டரை ஒட்டினாள். பத்துக்குப் பத்து.

சொல்லாமலே இருந்துவிடலாமா? மூணாவது ஒட்டல் பிடிச்சிருச்சு அண்ணா என்றால் அவருக்கும் நிம்மதி, இவளுக்கும் மானம் மிச்சம். இத்துனூண்டு ரெசிஸ்டரை அவர் கவனிக்கவா போகிறார்? சீ, எனக்கா இப்படித் தோணுது என்று கூசிப்போனாள்.

அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார்.

"அண்ணா, தப்பு என்னோடது. உன் கண்ணுல ஒண்ணுமே இல்ல. ஒரு காலை நான் கட்டாம விட்டுட்டேன்."

கண்ணாடி போடாமலே குனிந்து பார்த்தார். "இதுவா? முதல் நாளே கேட்டேனே பாப்பா, இந்தக் கால் ஏன் சும்மா இருக்குன்னு. வரையறது என் வேலை, நீ ஒட்டறதைப் பாருன்னு சொன்ன."

சொல்லியிருந்தாள். சுத்தமாக மறந்தும் போயிருந்தாள்.

"சண்டை போட்டிருக்கலாமே அண்ணா."

"நீ அவ்வளவு உறுதியா சொன்ன. எனக்கே என் கண்ணு மேல நம்பிக்கை போயிடுச்சு."

"குடோனுக்குப் போகாதே. இனிமே நீ கேட்டா நான் வாயை மூடிக்கிட்டுப் பார்க்கறேன்."

அவர் செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, பெட்டியிலிருந்து அயர்னை எடுத்தார். அடுத்த போர்டில் ரெசிஸ்டர் வைத்து ஒட்டினார். கச்சிதமான ஒட்டல். ஆனால் கீழே வைக்காமல் அவள் பக்கம் நீட்டினார்.

"நேரா இருக்கா, பாரு பாப்பா."

பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை.

"நேராத்தான் இருக்கு அண்ணா," என்றாள்.

அதற்கடுத்த போர்டுக்கும் கேட்டார்.