திருகாணியின் இடது கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அக்கா சொல்வாள். சுத்தப் பொய். கோபம் எப்போதும் அங்கேயேதான் இருக்கிறது. அது வருவதும் இல்லை, போவதும் இல்லை.

நான் முடி வெட்டுகிறவள். இடது கையால் வெட்டுகிறவள். புதிதாக வந்து உட்காருகிற ஆட்கள் கண்ணாடியில் என் கத்தரிக்கோலைப் பார்த்ததும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். முடிந்ததும் போர்வையை உதறிவிட்டு, "காது ரெண்டும் இருக்கு, எண்ணிப் பார்த்துக்கோங்க" என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் நிஜமாகவே தொட்டுப் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை என்றால் எங்கள் சலூனில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்தச் சனிக்கிழமைதான் எனக்கு லீவு வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்றார் முதலாளியம்மா. காமிக்ஸ் கண்காட்சிக்கு என்றேன். கல்யாணம் என்று சொல்லியிருந்தாலாவது கொடுத்திருப்பார். பொம்மைப் புத்தகத்துக்கா என்று முகத்தைச் சுளித்தார். எனக்குப் பொய் சொல்ல வராது. கொடுக்காவிட்டாலும் போவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காரணம், 'திருகாணி'யை வரைந்தவர் வருகிறார். ஒவ்வொரு பக்கத்திலும் எங்காவது ஓர் எறும்பை ஒளித்து வைத்திருப்பார். அதுதான் அவருடைய கையெழுத்து. அதனால் வாசகர்களுக்கு அவர் 'எறும்பு சார்'. கூட்டத்துக்கே வராத மனிதர், வயதான காலத்தில் முதல் முறையாக வருகிறார் என்றால் நான் எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பேன்?

திருகாணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவள் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள். கொண்டையில் ஒரு பென்சில், இடுப்பில் டூல்ஸ் பை, இடது கையில் ஸ்பேனர். பகலில் லிஃப்ட்டைச் சரிசெய்வாள், அதே கட்டடத்தில் திருட்டு வேலை செய்கிறவர்களையும் சரிசெய்வாள். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வாடகைப் புத்தகக் கடையில் அவளை முதலில் பார்த்தேன். அப்போது வீட்டுப்பாடம் எழுதும்போதெல்லாம் அம்மா என் இடது கையைக் கைக்குட்டையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து முட்டியிலேயே போடுவார். அக்காதான் உளவாளி. "அம்மா, இவ மறுபடியும் பீச்சாங்கையில எழுதறா" என்று சமையலறை வரை கேட்கும்படி கத்துவாள்.

நான் வாடகைக்கு எடுத்த ஒரு கதையில் ஒரு வில்லன் திருகாணியைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்லிக் கேலி செய்வான். "இந்தக் கைக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டுவிட்டு, அவள் அவன் டையை லிஃப்ட் கதவில் மாட்டிவிட்டு பட்டனை அழுத்துவாள். நான் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் கேட்டேன், அறை விழுந்தது. திரும்பவும் கேட்டேன். டீச்சரிடமும் கேட்டேன். கடைசியில் அவர்களுக்கு அலுத்துப்போனது, எனக்கு அலுக்கவில்லை.

கண்காட்சிக்கு அக்காவும் வந்தாள். காமிக்ஸ் மேல் ஆசையா? அதெல்லாம் ஒன்றும் இல்லை. என் வாய் சும்மா இருக்காது, யாராவது பிடித்து உட்காரவைத்தால் அவள்தான் வந்து கூட்டிப்போக வேண்டும், அதற்கு இப்போதே வந்துவிடுவது மேல் என்றாள். தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. அட்டைக் கத்தி, அலுமினியத் தாள் கவசம், பச்சைச் சாயம் பூசிய முகங்கள். சிறகு வைத்த ஒருவன் கழிப்பறைக் கதவுக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவனையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "இவனைப் பெத்தவங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

மேடையில் பதிப்பகத்துக்காரர் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். எறும்பு சார் பக்கத்து நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, காதில் பென்சில். அவரைக் கண்டதும் என் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. திருகாணி கதைகள் முழுவதும் புதுப் பதிப்பாக வரப்போகின்றன என்று கோட்டுக்காரர் அறிவித்ததும் விசில் பறந்தது. நானும் அடித்தேன்.

பிறகு எறும்பு சார் மைக்கை வாங்கி ஒரு கதை சொன்னார். திருகாணியை அவர் வலது கைக்காரியாகத்தான் வரைந்தாராம். முதல் புத்தகம் அச்சுக்குப் போனபோது, படத்தின் ஃபிலிமை யாரோ அச்சகத்தில் மறுபக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார்களாம். எழுத்து தனி ஃபிலிம் என்பதால் அது நேராக விழுந்துவிட்டது, ஒருவரும் கவனிக்கவில்லை. புத்தகம் கடைக்குப் போய்விட்டது. அடுத்த புத்தகத்தில் மாற்றினால் வாசகர்கள் குழம்புவார்கள் என்று, இடது கையாகவே தொடரச் சொல்லிவிட்டார்களாம். பீச்சாங்கைக் கேலியும் அவள் சொன்ன பதிலும்கூட அந்தத் தப்பைச் சமாளிக்க அப்புறம் எழுதிச் சேர்த்ததாம். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அதோடு விட்டார்களா? கோட்டுக்காரர் திரையில் ஒரு படத்தைப் போட்டார். திருகாணி, ஸ்பேனர், வலது கை. புதுப் பதிப்பில் எல்லாப் பக்கங்களையும் திருப்பிவிட்டார்களாம். கேலி வருகிற இடத்தையும் எடுத்துவிட்டார்களாம். அடுத்த வாரம் அச்சு. "இத்தனை வருஷம் கழிச்சு, திருகாணி சரியான கைக்கு வந்துட்டா" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் என் கூடப்பிறந்தவளும் தட்டினாள்.

"பாருடி, அவளையே மாத்திட்டாங்க" என்றாள் என் காதில்.

நான் எழுந்து நின்றேன். மைக் இல்லாமலேயே என் குரல் கடைசி வரிசை வரை போகும். சரியான கை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். கேள்விகளுக்குத் தனி நேரம் உண்டு என்றார் கோட்டுக்காரர். அந்த நேரம் எப்போது என்றேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பி, உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. விளக்கை அணைத்து அடுத்த நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டார்கள், அப்புறம் நின்று என்ன பயன்?

கையெழுத்து வாங்குகிற வரிசை கொட்டகையைச் சுற்றி வளைந்து போனது. அக்கா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவர் வரைந்தது, அவர் இஷ்டம், உனக்கு என்ன நஷ்டம் என்றாள். எனக்கு என்ன நஷ்டம் என்று அவளுக்குத் தெரியாதா? எங்கள் சலூனில் பலகை போட்டு உட்காரவைத்து முடி வெட்டுகிற பிள்ளைகளில் எப்போதாவது ஒன்று இடது கையால் பென்சிலை எடுக்கும். பின்னாலிருந்து தாயோ தகப்பனோ அதைப் பிடுங்கி வலது கையில் திணிப்பார்கள். நான் எதுவும் பேசாமல் டிராயரிலிருந்து பழைய திருகாணியை எடுத்து அந்தப் பிள்ளை மடியில் போடுவேன். இனி புதுப் புத்தகத்தில் அவளும் மற்றவர்களைப் போல இருந்தால், அந்தப் பிள்ளைக்கு நான் எதைக் காட்டுவேன்? அந்தத் திருட்டுக்கு இவள் கைதட்டியிருக்கிறாள். அதைத்தான் அக்காவிடம் சொன்னேன், வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அதன் பிறகு முணுமுணுக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. என் பழைய முதல் புத்தகத்தை மேசையில் வைத்தேன். அட்டையில் தலைச் சாயம் பட்ட கறை. கோட்டுக்காரர் குனிந்து, புதுப் பதிப்புக்கு முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் கையெழுத்து என்றார். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

"சார், அவ கையை மாத்தாதீங்க" என்றேன்.

எறும்பு சார் நிமிர்ந்து பார்த்தார். சத்தம் போட்டது நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கும் கோபம் வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இடது கையை வரையத் தெரியாமல், மேசையில் முகம் பார்க்கிற கண்ணாடியை நிறுத்தித் தன் வலது கையைப் பார்த்துப் பார்த்துத்தான் வருஷக்கணக்காக வரைந்தாராம். எவனோ செய்த தப்புக்குத் தான் தண்டனை அனுபவித்ததாகச் சொன்னார்.

"சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது அவளை நான் நினைச்ச மாதிரி பார்க்கணும்மா. அந்த ஆசைகூட எனக்கு இருக்கக் கூடாதா?"

பாவமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாம் பாவம் பார்க்கப் பார்க்கத்தானே எல்லோரும் நம் கையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். என் இடது கையை அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

"நீங்க தப்பா அச்சடிச்சிருக்கலாம் சார். நான் தப்பா பொறக்கல."

அவர் என் கையையே பார்த்தார். கோட்டுக்காரர் காவலாளியைத் தேடினார். எறும்பு சார் காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நில்லு. அவ நிஜமா எப்படி இருப்பான்னு நான் காட்டறேன்" என்றார்.

முகம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. கொண்டை, அதில் பென்சில், எதற்கும் அசராத அந்தப் பார்வை. பிறகு வலது கையை உயர்த்தி வரைந்தார், அதில் ஸ்பேனர். நிறுத்தினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். போட்டோ எடுக்க நிற்கச் சொன்ன பெண்ணாட்டம் இருந்தாள். ரப்பரை எடுத்து அழித்தார். மறுபடி வரைந்தார். இப்போது ஸ்பேனர் இரவல் வாங்கி வந்தது போலத் தெரிந்தது. அதையும் அழித்தார். தாள் அந்த இடத்தில் பஞ்சு பஞ்சாக ஆகிவிட்டது. மூன்றாவது தடவை எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு, யோசிக்காமல் விறுவிறுவென்று இழுத்தார். தோள் எழுந்தது, முழங்கை மடங்கியது, விரல்கள் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தன. திருகாணி வந்துவிட்டாள். அவளுடைய இடது கையோடு வந்துவிட்டாள்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "கை போகமாட்டேங்குது" என்றார், யாரிடமோ சொல்வது போல.

"எனக்கும் போகல சார். அதுக்குத்தான் அடிச்சாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கோட்டுக்காரருக்கு நிலைமை புரியவில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம், புத்தகத்துக்கு வேண்டியதைக் கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்வது ஒரு நொடி வேலை என்றார்.

"திருப்பினா அது வேற எவளோ" என்றார் எறும்பு சார். "பழையபடியே போடு. அந்தக் கேலியும் இருக்கட்டும், அவ பதிலும் இருக்கட்டும்."

அட்டை ஏற்கெனவே தயாராகிவிட்டது, விளம்பரம் போய்விட்டது, அச்சகத்தில் தேதி வாங்கியாகிவிட்டது என்று கோட்டுக்காரர் அடுக்கிக்கொண்டே போனார். அப்படியானால் தன் எறும்புகளை எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னார் எறும்பு சார். எறும்பு இல்லாத திருகாணியை யார் வாங்குவார்கள்? அது அந்த மனிதருக்கும் தெரியும். முகம் வெளிறிப்போய்ப் போனை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே ஓடினார்.

எறும்பு சார் படத்தை என் பக்கம் நகர்த்தினார். அழித்த தடம் அப்படியே இருந்தது, அவர் மறைக்கவில்லை. நான் தாளை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

பின்னாலிருந்து அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் சிவந்திருந்தது. "நில்லுடி. அவ்ளோ பெரிய மனுஷன். ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு வா" என்றாள்.

"எதுக்கு?" என்றேன். "அது அவ கைதானே."