அறையில் இருப்போர்

மேல்தட்டிலிருந்து நான்காவது அட்டைப்பெட்டியை பெனிஷா இறக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் அவளுடைய அப்பா ஃபிளெக்ஸ் கடைக்காரரோடு போனில் வாதாடிக்கொண்டிருந்தார்.

“முனைவர் என்பது பெயருக்கு முன்னால் வரும், தம்பி. பின்னால் வராது. ஆம், மூன்று நூல்களின் பெயரும் இருக்கட்டும். இறந்தவர் பெயரா? அதைக் கொஞ்சம் சிறிதாக்கினால் ஒரே வரியில் நிற்கும்.”

இறந்தவர் கூடத்தில், வாடகை ஐஸ்பெட்டிக்குள் இருந்தாள். வியாகுலமேரி, ஐம்பத்தெட்டு வயது. நேற்று மத்தியானம் தேனி ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். இப்போது மணி ஒன்பதரை. அதற்குள் அம்மாவின் குரலை எங்கிருந்தாவது கண்டெடுத்துவிட வேண்டும் என்பதுதான் பெனிஷாவுக்கு இருந்த ஒரே வேலை.

ஆறு வருசத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு மூச்சு, கழுத்தில் போட்ட துளை வழியாக. பேச்சு, சிலேட்டு வழியாக. அதற்கு முன்னாலும் அம்மா போனில் பேசிப் பதிந்து அனுப்புகிறவளில்லை. நேற்று ஆம்புலன்ஸில் கோம்பைக்குத் திரும்பி வருகையில், அம்மா தன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று பெனிஷா நினைத்துப் பார்த்தாள். வார்த்தை வந்தது. சத்தம் வரவில்லை. சாக்பீஸால் எழுதினது போல ஊமையாக வந்து நின்றது.

அப்போதுதான் ஒலிநாடாக்கள் ஞாபகம் வந்தன.

முனைவர் மரிய ஜோசப் கல்லூரியில் மொழியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பிள்ளை பிறந்தால் ஊரில் அப்பாக்கள் தொட்டில் வாங்குவார்கள்; அவர் டேப்ரெக்கார்டர் வாங்கினார். தொட்டில் மாமியார் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே குழந்தை மொழியை எடுத்துக்கொள்கிறது, எடுத்துக்கொண்ட மொழியே பிற்பாடு அதன் எண்ணத்துக்கு அச்சாகிறது என்பது அவர் கொள்கை. அதனால் அச்சு சுத்தமாக இருக்கவேண்டும் என்று, பெனிஷா பிறந்த நாள் முதலாக வீட்டில் மேடைத் தமிழ்தான் பேசினார். வியாகுலமேரியோ வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள். அவள் பேச்சில் பாதி கம்பத்துத் தமிழ், கால்வாசி மலையாளம், மிச்சம் மலைச்சரிவில் ஆளை ஆள் கூப்பிடும் கூப்பாடு. அவர் ஆய்வேட்டில் அதற்கு ஒரு பெயர் கொடுத்திருந்தார்: கலப்பட உள்ளீடு. காலை ஏழிலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து ஆறு, ரெக்கார்டர் ஓடும் நேரத்தில் கலப்பட உள்ளீடு வாய் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

சுத்தமான அச்சில் வார்த்த பெனிஷாவுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. போடியில் ஏலக்காய்க் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறாள். லாரி டிரைவர்களை அவள் திட்டுகிற தமிழை அப்பா இன்னும் பதிவு செய்யவில்லை.

பன்னிரண்டாம் நாடாவை ரெக்கார்டரில் போட்டாள். அப்பாவின் இளமைக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

“குழந்தையின் வயது: எட்டு மாதம், இரண்டு நாள். அறையில் இருப்போர்: ஆய்வாளர், குழந்தை.”

பிறகு காக்கா. தண்ணீர்க் குடத்தைத் தரையில் வைக்கிற சத்தம். வளையல். டக். உடனே ஒரு குழந்தை சிரித்தது, சிரிப்பின் நடுவிலிருந்து. எதைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கியதோ அது அந்த டக்குக்குள் போயிருந்தது.

நாற்பதாவது நாடா. வளையல், டக். அறுபத்தாறு. டக், டக். எண்பத்தெட்டாம் நாடாவில் குழந்தைக்கு இரண்டு வயது.

“வேணாம்.” டக். “அதுவும் வேணாம்.” டக். “ம், நானும் வாரேன்.”

யாரோடு பேசுகிறோம் என்று அந்தக் குழந்தைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாடாவோடு வைத்திருந்த நோட்டில் அப்பா மணிமணியான எழுத்தில் எழுதியிருந்தார்: குறுக்கீடு. குறுக்கீடு. ‘வாரேன்’ என்பதற்கு நேராக மட்டும், “வழக்குச் சொல். குழந்தைக்கு எங்கிருந்து கிடைத்தது என்பது விளங்கவில்லை” என்று ஒரு குறிப்பு.

சுகிர்தம் பெரியம்மா அறைக்குள் வந்தாள். அம்மாவுக்கு மூத்தவள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

“என்னத்தா, பொட்டியும் பொட்டலமுமா ஒக்காந்திருக்க? அங்கன வந்த சனமெல்லாம் மக எங்கன்னு கேக்குறாக.”

“அம்மா கொரலு எதுலயாச்சும் இருக்கான்னு பாக்குறேன் பெரியம்மா.”

“இதுலயா?” பெரியம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். “நல்ல எடம் பாத்துத் தேடுன போ. உங்கப்பா கையி அந்தப் பொத்தான்லயேதான் கெடக்கும். இவ வாயத் தொறக்கங்குள்ள டக்குன்னு ஒரு அமுக்கு. பெறகு இவளே பழகிக்கிட்டா. பேசணும்னா மொதல்ல கையத் தூக்குவா, பள்ளிக்கூடத்துப் புள்ள கணக்கா. அவுக அமுக்குனதுக்கப்புறந்தேன் பேச்சு.”

பெனிஷா நிமிர்ந்து பார்த்தாள். குரல் போன பிறகும் அம்மா ஏதாவது வேண்டுமென்றால் கையைத்தான் தூக்குவாள். நேற்று பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தக் கை எழுந்தது. சிலேட்டை எடுத்துக் கொடுத்தாள். விரல் சாக்பீஸைப் பிடிக்கவில்லை. கை அப்படியே நின்றது. அப்பா எழுந்து வந்து குனிந்து, “சொல்” என்றார். கை எழுந்தால் அப்படிக் கேட்பது இருபத்தெட்டு வருசப் பழக்கம். கொஞ்ச நேரம் கழித்து கையை பெனிஷாதான் பிடித்துக் கீழே வைத்தாள்.

“அவ்வளவுக்கும் உனக்கு அப்பான்னு சொல்லப் பழக்குனதே அவதேன்” என்றாள் பெரியம்மா.

“அது நானாச் சொன்னதுன்னுல்ல புஸ்தகத்துல இருக்கு?”

“நீயாச் சொன்னது ‘போ’. கோழியப் பாத்துச் சொன்ன. உங்கம்மா அத மூச்சு விடல. இந்த மனுசன் பொட்டியத் தூக்கிட்டு எந்நேரமும் புள்ள வாயையே பாத்துக்கிட்டுக் கெடக்காரு, பாவமா இருக்குக்கா, அப்பான்னு ஒரு வார்த்தை கேட்டா மனுசனுக்கு உசுரு வருமின்னா. அவுக காலேசு போனதும் பத்து நாளா உன்னைய மடியில போட்டுக்கிட்டு இதே பாடம்.”

“அப்பாவுக்குத் தெரியாதா?”

“தெரியாம? பதிவு பண்ணுன அன்னைக்கு நானும் கதவுக்குப் பின்னாடிதான இருந்தேன். நீ வாயவே தொறக்கல. இவ பொறுக்கமாட்டாம ‘சொல்லு மோளே’ன்னுட்டா. அவுக முந்திக்கிட்டு அமுக்கிட்டாக. மறுக்கா அதத் தட்டிவிட்டதும் நீ சொல்லிட்ட. அவ்வளவுதேன், தலைகால் புரியல மனுசனுக்கு. ஏங்க, இவ சொன்னாள்லன்னு நான் கேட்டேன். பதிவுல இல்லாதது நடக்கல சுகிர்தம்னு எனக்கு வெளக்கம் சொன்னாக.” மூக்கைச் சிந்தினாள். “படிச்சவுக சொன்னா சரியாத்தேன் இருக்கும்னு வந்துட்டேன்.”

புத்தகத்தின்படி அந்த நாடா எண் முப்பத்தொன்று. பெட்டிக்குள் முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே வெறும் இடம்தான் இருந்தது. பெனிஷா ஐந்து பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்தாள்.

பதினொரு மணிக்கு அப்பா பேங்குக்குக் கிளம்பியபோது பந்தலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டி முடியவில்லை, மனுசன் அதற்குள் நகையை எடுக்க லாக்கருக்கு ஓடுகிறார் என்றார்கள். அரைமணி நேரத்தில் அப்பா திரும்பி வந்தார். கையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. உள்ளே, பட்டுத் துணியில் சுற்றிய ஒரே ஒரு கேசட். உறவுக்காரர்களுக்கு ஏமாற்றம் முகத்திலேயே தெரிந்தது.

“அப்பா, அத ஒருவாட்டி குடுங்க. போட்டுக் கேட்டுட்டுத் தாரேன்.”

“இப்போது வேண்டாம். நாடா பழையது, அறுந்துவிட்டால் சான்று போய்விடும். அடக்கத்துக்கு முன்னால் நானே போடுகிறேன். உன் அம்மாவுக்கு அதுதான் அஞ்சலி.”

“அதுல அம்மா இல்லையே.”

“குடும்பமே ஆய்வுக்கு ஒத்துழைத்தது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறேன்” என்றார் அப்பா. கேள்விக்கு அது பதிலா என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. குழந்தைமொழி ஆய்வு வட்டத்தின் செயலாளர் குருசாமி வந்து இறங்கியிருந்தார். வட்டத்தில் மொத்தம் மூன்று பேர். அதில் அப்பா தலைவர். குருசாமி மாலை வாங்காமல், கைப்பழக்கத்தில் பொன்னாடை வாங்கி வந்திருந்தார். யாருக்குப் போடுவது என்று ஒரு கணம் ஐஸ்பெட்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கடைசியில் அப்பாவுக்கே போர்த்தினார். இரண்டொருவர் கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றரைக்குப் பங்குச்சாமி வந்து செபம் சொல்லி முடித்தார். அம்மாவை ஐஸ்பெட்டியிலிருந்து மரப்பெட்டிக்கு மாற்றினார்கள். கழுத்துத் துளைக்கு மேல் பெரியம்மா வெள்ளைத் துணியைச் சுற்றி, செபமாலையைக் கையில் கோத்துவிட்டாள். பெட்டி செய்த ஆசாரி, மூடியை இரு கையாலும் நட்டமாகப் பிடித்துக்கொண்டு காலடியில் வந்து நின்றார்.

“ஒரு நிமிடம்” என்று அப்பா மைக்கை வாங்கினார். தோளில் இன்னும் பொன்னாடை.

ஒரு நிமிடம் கால்மணி நேரம் ஆனது. சொல் இல்லாத இடத்தில் எண்ணம் இல்லை என்று தொடங்கினார். குரலிழந்த மனைவியை வைத்து அந்த உண்மையை மேலும் துலக்க முயன்றதைச் சொன்னார். இருபத்துநாலு விதப் பச்சை நிறத்தில் அட்டை வெட்டி அவள் முன்னால் பரப்பினாராம். பேச்சே இல்லாதவள் ஒரு பச்சையை இன்னொரு பச்சையோடு குழப்பாமல் மளமளவென்று அடுக்கிக் கொடுத்தாளாம். பத்து வயதிலிருந்து ஏலக்காயைத் தரம் பிரித்த கை அது என்று கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். “அவர் ஒரு விதிவிலக்கு” என்றார் அப்பா. அம்மாவைப் பற்றி அவர் சொன்னதில் அதுதான் பெரிய பாராட்டு.

“இப்போது நீங்கள் கேட்கப்போவது ஒரு குழந்தையின் முதற்சொல். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானே மலர்ந்த சொல்.”

பெரியம்மா பெனிஷாவின் முழங்கையைப் பிடித்தாள்.

மைக்செட் மொக்கைச்சாமி ரெக்கார்டரின் வாயருகே மைக்கைப் பிடித்தார். தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர் வரை அப்பாவின் இளமைக் குரல் போயிற்று.

“குழந்தையின் வயது: பதினொரு மாதம், நான்கு நாள். அறையில் இருப்போர்: ஆய்வாளர், குழந்தை.”

வளையல். பிறகு ஒரு மூச்சு.

மூக்கால் இழுக்கிற சின்ன மூச்சு. தலைச்சுமையைத் தூக்குவதற்கு முன் இழுப்பார்களே, அந்த மாதிரி. பேச வாயெடுக்கும்போதெல்லாம் அம்மா அப்படித்தான் இழுப்பாள். ஆறு வருசமாக, மூச்சு கழுத்து வழியாகப் போனதிலிருந்து, அது வீட்டில் இல்லை. இல்லை என்பதே பெனிஷாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

டக்.

“ப்பா. அப்பா.”

கூட்டத்தில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். குருசாமி கண்ணைத் துடைத்தார். மொக்கைச்சாமி குனிந்து, “சார், வார்த்தைக்கு முன்னாடி புஸ்ஸுன்னு ஒரு எரைச்சல் வருது. கொறச்சு விட்டுரவா?” என்றார்.

“கொறைக்காதீகண்ணே” என்றாள் பெனிஷா. அவள் போட்ட சத்தத்தில் சாமியே திரும்பிப் பார்த்தார். “அப்பா, இன்னொரு தடவ போடுங்க.”

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. “பார்த்தீர்களா” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாடாவைப் பின்னால் ஓட்டினார். வளையல். மூச்சு. டக். “ப்பா. அப்பா.”

“இன்னொரு தடவ.”

பெரியம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பங்குச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது முறை நாடா ஓடி நின்றதும், அப்பா விளக்கம் சொல்ல மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். பிறகு மைக்கை மொக்கைச்சாமியிடம் கொடுத்துவிட்டு ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னாடையின் ஒரு முனை சரிந்து தரையைத் தொட்டது.

பெனிஷா நாலாவது தடவை கேட்கவில்லை. அப்பாவே பொத்தானை அமுக்கினார். வளையல். மூச்சு. குழந்தை வாய் திறப்பதற்குள் அவர் விரல் முந்திக்கொண்டு நாடாவை நிறுத்தியது. பின்னால் ஓட்டினார். மறுபடி வளையல், மறுபடி மூச்சு, மறுபடி நிறுத்தினார்.

காலடியில் நின்ற ஆசாரி, மூடியின் கனத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.