நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சோம்பேறிகள்

எங்கள் வெல்ட்மோர் கவுண்டி என்ற அமெரிக்க மாவட்டத்தில் இருபத்தோரு லட்சம் பேர். அத்தனை பேரையும் ஒரே பக்கத்தில் அடைக்க வேண்டும் என்பது என் மேலதிகாரி மார்லீனின் உத்தரவு. வாஷிங்டன்காரர்கள் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை இறக்கி, வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, கலர் அடித்து, தொகுதிக்கு ஒருவராகத் தேர்தலில் ஜெயித்து வந்த இருபத்தைந்து கமிஷனர்கள் கையில் கொடுப்பதுதான் திட்டப் பிரிவில் என் பிழைப்பு. அவர்கள் கலரை மட்டும் பார்ப்பார்கள்.

"ரஸ்ஸல், இந்த அடிக்குறிப்பையெல்லாம் தூக்கிடு. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு," என்றாள் மார்லீன்.

தூக்கினேன். அதில் ஒன்று, 88ஆம் வட்டாரத்தில் இருப்பவர்கள் அநேகமாக எல்லோருமே சிறைக்கைதிகள் என்று சொல்லியிருந்தது.

அடுத்த வாரம் பொதுக்கூட்டம். கமிஷனர் டுவைட் சாரல் நான் தயாரித்த பக்கத்தைத் தூக்கி ஆட்டினார்.

"என் தொகுதியில, 88ஆம் வட்டாரத்துல 4,112 பேர். வேலைக்குப் போறது அறுபது பேரு! இந்தச் சோம்பேறிங்களுக்கு எதுக்கு 61ஆம் நம்பர் பஸ்? நிறுத்துங்க."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மார்லீன் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். வாயை மூடு என்று அர்த்தம். மூடிக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. வெல்மா ஹட்சின்ஸ் என்ற பெண்மணி, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் சீருடையோடு மைக் முன்னால் வந்து நின்றார்.

"சார், என் பையன் டெரல் 88லதான் இருக்கான். எங்கிட்ட கார் இல்ல. ஞாயித்துக்கிழமை அந்த பஸ்லதான் போய்ப் பாக்கறேன். நிறுத்திட்டா நான் எப்படி அவன் மூஞ்சியப் பாக்கறது?"

"அவன் ஏம்மா வேலைக்குப் போகல?"

"நீங்கதானே சார் பூட்டி வச்சிருக்கீங்க!"

அரங்கமே சிரித்தது. சாரலின் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினார்.

"ஜெயில்ல இருக்கறவனை எவன்யா ஜனத்தோட சேர்த்தது?"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"கைதி எங்க படுக்கறானோ அங்கதான் சார் எண்ணுவாங்க. கணக்கு சரி. அந்தக் குறிப்பை எடுத்தது நான். தப்பு என்னோடது."

"அப்போ கழிச்சுடு!"

"கழிக்கலாம் சார். ஆனா அவங்களையும் சேர்த்துதான் உங்க தொகுதிக்கு எல்லை போட்டிருக்கு. எல்லாத் தொகுதியிலயும் தலை ஏறக்குறைய சமமா இருக்கணும், உங்களுதுல ஏற்கனவே குறைவு. இவங்களும் போயிட்டா எல்லையத் திரும்ப வரையணும். உங்க வீடே பக்கத்துத் தொகுதிக்குப் போனாலும் போயிடும், அப்புறம் நீங்க இங்க தேர்தல்ல நிக்க முடியாது."

சாரல் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"61 ஓடட்டும். எல்லாரும் என் மக்கள்தானே."

எல்லோரும் கைதட்டினார்கள். வெல்மா தட்டவில்லை, மைக்கையும் விடவில்லை.

"உங்க மக்களைப் பாக்க ஒரு தடவையாவது போயிருக்கீங்களா சார்?"

சாரல் காலி டம்ளரை மறுபடியும் எடுத்தார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை வாங்க, சேர்ந்தே போவோம். காலையில எட்டேகாலுக்கு பஸ்."