சோதித்தவர்: பாகீரதி சிவதாணு

எடைக் கட்டத்தைக் காலியாக விட்டு, வயது ஆறு என்று அடித்தாள் பாகீரதி. திரையில் காய்ச்சல் மருந்தின் அளவு வந்தது: ஐந்நூறு மில்லிகிராம். பெரியவர்களுக்கான அளவு. மூன்றாம் தடவையும் அதேதான். ‘தேறவில்லை’ என்று குறித்து, காரணத்தை நான்கு வரியில் எழுதித் திருப்பி அனுப்பினாள்.

கழக்கூட்டத்தில் ஐந்தாவது மாடியில் இருந்த அந்த அலுவலகம், ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர்களுக்கான இலவச மென்பொருள் ஒன்றைப் பராமரித்து வந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் திருத்தம் செய்து ‘பேட்ச்’ அனுப்பலாம். எழுதியவர் அல்லாத இன்னொருவர் சோதித்துத் தம் பெயரை இட்டால்தான் அது உள்ளே சேரும். அந்தப் பெயர் எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் நிற்கும். சோதிக்க இரண்டே பேர், பாகீரதியும் ஆர்யாவும்; ஒருவர் திருப்பியதை அவரேதான் மறுபடி பார்க்க வேண்டும். வரிசையில் நானூற்றுப் பன்னிரண்டு பேட்ச் காத்துக் கிடந்தன.

அவள் திருப்பியது டீம் லீடர் ஸ்ரீகுமார் எழுதியது. நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தான். பாறசாலைக்காரன், அவளிடம் தமிழில்தான் பேசுவான்.

“சேச்சி, வெள்ளிக்கிழமை நமக்குக் காசு தர்ற டிரஸ்ட்டுக்காரங்க வருது. கியூ பூஜ்யம் ஆகல்லேன்னா நம்ம புராஜெக்ட் கழிஞ்சு. இதைப் பாஸ் ஆக்கிடுங்க.”

“எடை போடலைன்னா பிள்ளைக்குப் பெரிய ஆளு மருந்தைல்லா சொல்லுது?”

“எடை போடாம யாராவது மருந்து கொடுக்குமா? அடுத்த ரிலீஸில சரியாக்கிடலாம்.”

“சரியாக்கிட்டுத் தாங்க. அன்னைக்குப் பேரு போடுதேன்.”

பக்கத்து மேசையில் ஆர்யா சிரித்தாள். “சேச்சி ஒண்ணு பாஸ் ஆக்குறதுக்குள்ள எனக்குக் கல்யாணம் கழிஞ்சு குட்டி ஸ்கூலுக்குப் போகும்.”

“போகட்டும் மோளே. அந்தக் குட்டிக்கும் காய்ச்சல் வரும்லா?”

ஆர்யா அடுத்த பேட்ச்சைத் திறந்தாள்.

வீட்டில் சம்பளக்காரி பாகீரதி ஒருத்திதான்; வேலை போகக் கூடாது. ஆனால் எல்லோரும் பார்க்கும் அந்தப் பக்கத்தில் அவள் பெயரோடு அப்பா பெயரும் நின்றது. அப்பா சிவதாணு நாகர்கோவிலில் பத்திரம் எழுதியவர். முழுக்க வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்காதவர். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அந்தப் பெயரை விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வரிசை பூஜ்யமாக இருந்தது. பாகீரதி ஸ்ரீகுமாரின் பேட்ச்சைத் திறந்தாள். நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. கீழே, ‘சோதித்தவர்: பாகீரதி சிவதாணு. வியாழன், மாலை 7.10.’ அந்த நேரம் அவள் வீடு திரும்ப, தம்பானூரில் கரமனை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

“இது யாரு போட்டது?”

ஸ்ரீகுமார் தலையைத் தூக்கவில்லை. “ஓணத்துக்கு லீவு போனப்போ நீங்கதானே பாஸ்வேர்ட் தந்தது? எல்லாரும் தந்ததாக்கும். வேலை நிக்கப்படாதுல்லா.”

“லீவுக்குத் தந்தேன். எங்கப்பா பேரை வித்துத் தின்னவா தந்தேன்?”

இருக்கைக்குத் திரும்பி, அந்தப் பக்கத்திலேயே எழுதினாள்: ‘இதை நான் சோதிக்கவில்லை. குழந்தைகளுக்கு ஆபத்து. சேர்க்க வேண்டாம்.’ கால் மணி நேரத்தில் அந்த வரிகள் அழிந்தன. திரை அவளிடம் மறுபடி பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்ததை ஏற்கவில்லை.

மதியம் நான்காவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாகப் பிரிவு ஸ்வப்னா ஒரு தாளை நகர்த்தினாள். பாஸ்வேர்டைப் பிறருக்குக் கொடுத்தது விதிமீறல். ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது.

“கேட்டு வாங்கினவருக்கும் லெட்டர் உண்டா?”

“எனக்கு வந்தது இது ஒண்ணுதான், சேச்சி.”

பாகீரதி முழுவதையும் ஒரு தடவை வாசித்தாள். கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பி வைத்துவிட்டுப் பையை எடுக்க மாடியேறினாள்.

கண்ணாடிக் கதவில் அடையாள அட்டையை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது; கதவு திறக்கவில்லை. உள்ளே நீள மேசையில் ஒரு கேக். அதன் மேல் வெள்ளைக் கிரீமில் பெரிய பூஜ்யம். கத்தி ஆர்யா கையில் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். டிரஸ்ட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கதவுக்கு வெளியே நின்றவளைப் பார்த்தார். தாமதமாக வந்தவள் என்று நினைத்து, புன்னகையோடு, உள்ளே வரும்படி கையசைத்தார்.

பாகீரதி அட்டையை இன்னொரு தடவை வைத்தாள்.