நீங்க முதல்ல போங்க

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை எழுகிறது, முழுக் கைகூட இல்லை, ஸ்டியரிங்கை விடாமலே இரண்டு விரல்கள், சிவப்பு பிக்கப் வண்டி, உள்ளே தொப்பி போட்ட கிழவர், நீ போ என்கிறார், நான் என் கையைத் தூக்கி இல்லை நீங்க போங்க என்கிறேன், அவர் சிரித்துத் தலையாட்டி மறுபடி இரண்டு விரல், நான் மறுபடி கை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பரீட்சைக்காரி பேனாவால் அட்டையைத் தட்டுகிறாள், டக், டக், நாலு பக்கமும் ரோடு, நாலு பக்கமும் நில் என்று சிவப்புப் பலகை, விளக்கு கிடையாது, போலீஸ் கிடையாது, முதலில் வந்தவர் முதலில் போகவேண்டும், யார் முதலில் வந்தது என்பது அவரவர் மனசாட்சிக்குத்தான் தெரியும், இப்படியும் ஒரு ஊரா. அன்றைக்கு நான் ஃபெயில். ஐம்பத்தாறு வயதில். லைசென்ஸ் ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்த இவர், என் வீட்டுக்காரர், என்னாச்சு என்று எழுந்தார், மரியாதை குடுத்தேன், ஃபெயில் பண்ணிட்டாங்க என்றேன்.

வேறென்ன செய்வேன், யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி சாப்பிடறீங்களா என்று கேட்டால் ஐயோ வேணாங்க, இப்பதான் குடிச்சிட்டு வரோம் என்று சொல்லித்தானே வளர்ந்தேன், மூன்றாம் தரம் கேட்டபிறகு சரி, அரை டம்ளர் போதும் என்று வாங்கிக்கொள்வது, அரக்கோணத்தில் எங்கள் வீட்டில் ஒரு காப்பிக்குக் கால்மணி நேரம் இழுபறி நடக்கும், நியூயார்க்கில், குவீன்ஸில், இருபத்திரண்டு வருஷம் இருந்ததில் அந்தப் பழக்கம் செத்துப்போனது என்றுதான் நினைத்திருந்தேன், அங்கே ஒரு தரத்துக்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள், பாதிப் பேர் அதுவும் கேட்கமாட்டார்கள், இந்த ஃபோர்ட் வெய்னுக்கு வந்த முதல் பொங்கலுக்கு எதிர்வீட்டு டோனாவுக்குக் கேசரி கொண்டுபோனேன், ஐயையோ எனக்கெதற்கு, உங்களுக்கு வீண் சிரமம் என்று இங்கிலீஷில் மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் கிண்ணத்தைக் கையில் வாங்கினாள், அடி என் அரக்கோணத்துக்காரியே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

குவீன்ஸில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஏழாம் நம்பர் ரயில் போகும், மேம்பாலத்தில், நாலாவது மாடிக்கு நேர் மட்டத்தில், ஒவ்வொரு ரயிலுக்கும் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும், நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு ரயில் போனபின் விட்ட இடத்திலிருந்து பேசுவோம், அப்படி ஒரு ரயில் போய் முடிந்தபோதுதான் இவர் சொன்னார், கம்பெனி மாத்தறேன், செயற்கை மூட்டு செய்யற இடம், நல்ல வேலை, இண்டியானால, ஃபோர்ட் வெய்ன்ல. அது எங்க இருக்கு என்றேன். நடுவுல என்றார். எதுக்கு நடுவுல. சோளத்துக்கு நடுவுல. சரியாகத்தான் சொன்னார் மனுஷர், ஊரைத் தாண்டினால் சோளம், அதைத் தாண்டினாலும் சோளம், வந்த புதிதில் சத்தமே இல்லாமல் எனக்குக் காது அடைத்துப்போனது, டம்ளர்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்து அழுதிருக்கிறேன், பால் வாங்க வேண்டுமென்றாலும் கார், இவர் ஓட்டுவார், நான் வலதுபக்கம் மடியில் பையோடு உட்கார்ந்திருப்பேன், அப்படியே இரண்டு வருஷம்.

அந்தக் காலையும் இப்போதுதான் நடப்பதுபோல் இருக்கிறது, தட்டில் மூன்று தோசை வைக்கிறேன், இவர் சாப்பிட்டு எழுகிறார், பார்த்தால் தட்டின் வலதுபாதி வழித்துத் துடைத்தாற்போல் இருக்கிறது, இடதுபாதியில் தோசையும் சட்னியும் வைத்தது வைத்தபடி, ஏன் சட்னியத் தொடவேயில்ல, காரமா என்கிறேன், சட்னியா, எங்க வெச்ச என்கிறார், விளையாடுகிறார் என்று நினைத்து, ஏன், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு என்று வைதேன், பாவி நான், வைதுவிட்டேன். பிறகு தட்டைத் திருப்பினேன், அட, இங்கதான் இருக்கு என்று சாப்பிட உட்கார்ந்தார், அப்போதுதான் போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். மூளையில் சின்ன அடைப்பு, கை கால் நன்றாயிருக்கிறது, பேச்சு நன்றாயிருக்கிறது, இரண்டு கண்ணுக்கும் இடதுபக்க உலகம் மட்டும் போய்விட்டது, திரும்ப வராது, இனி கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னதை இவர் வலதுபக்கமாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

வீடு திரும்பி இவர் சொன்ன முதல் வார்த்தை, குவீன்ஸுக்கே போயிடலாம், அங்கன்னா ரயில் இருக்கு, யார் தயவும் வேணாம். யார் தயவும் என்றால் என் தயவு. எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் போகலாம் என்றுதான் நானும் சொன்னேன், எனக்கும் ஆசைதானே, ஏப்ரலில் வீடு பார்க்கவே போனோம், அதே ஸ்டேஷன், அதே இரும்புப் படிக்கட்டு, சாயங்காலக் கூட்டம் இறங்குகிறது, இவருடைய இடதுதோளில் ஒருவன் இடித்துப் போகிறான், திரும்புவதற்குள் இன்னொருத்தி, பிறகு ஒரு பெட்டி, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடி வாங்கிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து நிற்கிறார், எவனோ கண்ணு தெரியலையா என்று கத்திவிட்டுப் போகிறான், இவ்ளோ கூட்டமாவா இருந்துது எப்பவும் என்று என்னைக் கேட்கிறார். எப்பவும் இவ்ளோதான், அப்ப நாமதான் இடிச்சிட்டுப் போயிட்டிருந்தோம் என்றேன். பழகிடும் என்றார், கைப்பிடியை விடாமல். அந்தப் படிக்கட்டில்தான் எனக்குத் தெரிந்துபோனது, நான் இங்கே திரும்ப வரப்போவதில்லை, இந்த மனுஷனை இங்கே விடமாட்டேன், இதுவரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாயால் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியைக் கையால் ஓட்டத்தான் வேண்டும்.

பூங்கோதை கற்றுக்கொடுத்தாள், திருநெல்வேலிப் பெண், இவருடைய கம்பெனியிலேயே வேலை, ஞாயிறு மத்தியானம் ஆளில்லாத சர்ச் வளாகத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுவேன், இவர் பின்சீட்டிலிருந்து பிரேக்கு, பிரேக்கு என்பார், அவள் சிரிப்பாள், அக்கா, நீங்க என்ன கல்யாண வீட்டுக்கா வந்திருக்கீய, உபசாரம் பண்ணிக்கிட்டு, கையக் காட்டுனா போயிரணும் என்பாள். சரி என்று இரண்டாவது பரீட்சையில் யாரையும் பார்க்காமல் போய்விட்டேன், குறுக்கே ஒருத்தர் வந்துகொண்டிருந்தார், நல்லவேளை நின்றார், நான் ஃபெயில். கனவில் அந்த முக்கில் ஏழாம் நம்பர் ரயில் வந்து நிற்கிறது, அரக்கோணத்து அம்மா காப்பி டம்ளரோடு நடுரோட்டில் நிற்கிறாள், நீங்க போங்க, இல்ல நீங்க போங்க, யாரும் நகரவில்லை, கிழவர் மட்டும் இரண்டு விரலைத் தூக்கியபடியே இருக்கிறார். காலையில் இவர் சொன்னார், மூணாந்தரமும் போச்சுன்னா வீட்ட வித்துடலாம், பனி விழறதுக்குள்ள கிளம்பிடலாம். போகாது என்றேன். உன்னால முடியாதுன்னு சொல்லல என்றார். சொல்லித்தான் பாருங்களேன் என்றேன், எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சட்னியை வேண்டுமென்றே இடதுபக்கம் வைத்தேன், பிறகு மனசு கேட்காமல் நானே தட்டைத் திருப்பினேன்.

மூன்றாம் தரம் பாஸ். பெரிதாக ஒன்றுமில்லை, முக்கில் நின்றேன், எதிரே ஒருத்தி கை காட்டினாள், ஒரே ஒரு தரம் தலையாட்டினேன், போய்விட்டேன், அவ்வளவுதான், பரீட்சைக்காரி நல்லது என்றாள்.

அந்தச் சனிக்கிழமை காய்கறி வாங்கப் போகிறோம், நான் ஓட்டுகிறேன், இவர் வலதுபக்கம், மடியில் பை, இரண்டு வருஷம் நான் உட்கார்ந்திருந்த மாதிரியே, பிரேக்கு என்றுகூடச் சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது, முக்கு வருகிறது, நிற்கிறேன், இடதுபக்க ரோட்டில் அதே சிவப்பு பிக்கப் எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது, ஸ்டியரிங்கை விடாமல் இரண்டு விரலைத் தூக்குகிறேன், நீங்க போங்க, இப்போது மூன்று தரம் ஒன்றும் இல்லை, கிழவர் சிரித்துக் கையை உயர்த்தி நகர்கிறார், போகிற போக்கில் இவரையும் பார்த்துக் கையை ஆட்டுகிறார். அந்தப் பக்கம் திரும்புங்க, உங்களுக்குக் கை காட்டறாரு என்கிறேன். இவர் திரும்புகிறார், கழுத்தை, தோளை, உடம்பையே திருப்பி, என் முகத்தைத் தாண்டி, அதற்கும் அப்பால் வருவதற்குள் பிக்கப் எங்கள் இடதுபக்கமாகத் திரும்பிப் பின்னால் போய்விட்டது, அங்கே அறுத்துவிட்ட சோளக்கொல்லையும் ஒரு தபால் பெட்டியும்தான். இவர் கையைத் தூக்கினார், இரண்டு விரல் இல்லை, முழுக் கை, உள்ளங்கை தெரிய, தூக்கியபடியே வைத்திருந்தார். பாத்தாரா என்று கேட்டார். பாத்தாரு என்றேன்.

கை இறங்கும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் ஒரு கார் நிற்பது தெரிந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.