சுண்ணாம்புத் தண்ணீர்

நாகையா பெண்டாட்டியை அடிக்க நாள் நட்சத்திரம் பார்ப்பவனல்ல. அன்று விடிந்ததுமே மாட்டுச் சாட்டையை எடுத்துவிட்டான். பிள்ளை பெற்றவளைப் பார்க்கச் சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து விஜயபுரத்துக்கு வண்டியில் வந்து, அவன் வீட்டு வாசலில் இறங்கிய நர்ஸ் லோயிஸ் முதலில் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான்.

அவன் பெண்டாட்டி வெங்கடம்மா பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். மாமியார் சுந்தரம்மா, பேறுகால அழுக்குப் போகவென்று, வீட்டு வழக்கப்படி இரண்டாம் நாளிலிருந்து இரண்டு வேளையும் சுண்ணாம்புத் தண்ணீரால் அவளைக் கீழே கழுவிவந்தாள். இன்று மருமகள் மாட்டேன் என்று திமிறினாள். அதற்குத்தான் சாட்டை.

லோயிஸ் குறுக்கே பாய்ந்தாள். ஒரு அடி அவள் தோளைக் கிழித்தது. வலியைவிட ஆத்திரம்தான் வந்தது. வெங்கடம்மாவை உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். பிறப்புறுப்பின் இதழ்கள் வெந்து, தோல் உரிந்து, சீழ் வைத்திருந்தன. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் பிழைக்கமாட்டாள்.

"இவள வண்டியில ஏத்தணும்" என்று வெளியே வந்தாள்.

"அழுக்கு போவ வேணாமா நர்சம்மா?" என்றாள் சுந்தரம்மா.

"அழுக்கு உள்ள போவாம இருக்கத்தாம்மா வெளிய ரெண்டு தடிச்ச உதடு, மயிரோட இருக்குது. அடி, உரசல் எல்லாத்தையும் அது தாங்கும். அதுக்குள்ள மெல்லிசா ரெண்டு உதடு, மூத்திர வாசலையும் புள்ள வர்ற வாசலையும் மூடிக்கினு காக்குது. அங்க ஊறுற ஈரமும் காவல்தான். கண்ணுக்கு இமை மாதிரி. கண்ணுல சுண்ணாம்பு ஊத்துவியா?"

"ஆம்பள எதுர்ல என்னாடி பேசற?" நாகையா அவள்மேல் சாட்டையை ஓங்கினான்.

கதவு திறந்தது. வெங்கடம்மா, தனக்காகக் கரைத்து உள்ளே வைத்திருந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சட்டியோடு தூக்கி அவன் முகத்தில் வீசினாள்.

நாகையா அலறிக்கொண்டு மண்ணில் புரண்டான். லோயிஸ் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, இறுக மூடிய இமைகளை விரலால் பிரித்துத் தண்ணீர் ஊற்றினாள். சுந்தரம்மா குடம் குடமாகக் கொண்டுவந்தாள்.

"எம்புள்ள கண்ணு போயிருமா? பாவி, கண்ணுல ஊத்திட்டாளே!"

வெங்கடம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகிலிருந்து ரத்தம் வழிந்தது.

"அவருக்கு ஒரு தடவ அத்தே. எனக்குப் பத்து நாளு, ரெண்டு வேள."

சுந்தரம்மா குடத்தோடு திரும்பினாள். மகனைப் பார்த்தாள், மருமகளின் கால்களில் வழிந்த சீழைப் பார்த்தாள். குடத்தை லோயிஸிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வண்டியப் பூட்டச் சொல்லு நர்சம்மா. ரெண்டு பேரையும் ஏத்து. மொதல்ல இவள."